கடவுச்சீட்டு என்னும் சொல்லும் மலையக மக்களும்

மொனராகலைப் பகுதியிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகக் கடவுச்சீட்டுப் பெற முயன்றுவரும் அவர், அதற்கு வேண்டிய பத்திரங்களைத் தேடி வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டியைக் கிளறியபோது, காலஞ்சென்ற தமது பாட்டனாரின் பெயரில் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார். "தாத்தா தோட்டத்தை விட்டு எங்கும் போனதில்லை. பதுளைக்குக் கூட ஆஸ்பத்திரிக்கென்றுதான் போயிருக்கிறார். அவருக்கு எதற்குப் பாஸ்போட்?" என்பது அவரது முதலாவது வினா. அந்தப் புத்தகத்தினுள் இலங்கையின் வீசா முத்திரை இருக்கிறதே, இலங்கையில் பிறந்தவருக்கு இலங்கை வீசா எதற்கு என்பது இரண்டாவது. இப்புத்தகம் தமது விண்ணப்பத்துக்கு இடையூறாக அமையுமா, இதனை எரித்துவிடலாமா என்பது மூன்றாவது.

அவருக்குத் தனியே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் ஊவா மாகாணத்துத் தோட்டப் பகுதிகளில் இத்தகைய புத்தகம் பெட்டிக்குள் கிடக்கும் வீடுகள் ஒன்றிரண்டல்ல. எனவே இப்பத்தியிலேயே இதுபற்றி விளக்குவது பலருக்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

முதலில் சொல்லை நோக்குவோம். 'கட' என்னும் வினையடியிலிருந்து தோன்றியது 'கடவு'. வழி, கடந்து செல்லும் இடம் என்பன அதன் பொருள். யாழ்ப்பாணத்தில் வேலியிலே ஆள் புகுந்து செல்வதற்கு விடப்படும் இடைவெளியைக் கடவை, கடப்பு என்பர். புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்பன நாடெங்கும் வழங்குபவை. கணினி வந்த பின்னர் கடவுச்சொல்லும் வந்து சேர்ந்தது. சீட்டு என்பது எழுத்துப் பொறித்த சிறு தாள். ஆகவே கடந்து செல்ல விடும் தாளே கடவுச்சீட்டு. 'பாஸ்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததுதான். 'கடந்து செல்' என்பதும் 'துறை' என்பதும் அதில் இணைந்துள்ளன. அந்தத் துறை கடற்றுறையா, நகர வாயிலா என்பதில் மட்டும் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. சிங்களத்தில் 'விதேச கமன் பலபத்ரய' என்கின்றனர். வெளிநாட்டுப் பயண அனுமதிப் பத்திரம் என்று அதனைத் தமிழாக்கலாம். தமிழ்நாட்டில் எழுத்திலே கடவுச்சீட்டும் பேச்சிலே பாஸ்போர்ட்டும் வழங்க, எமது தோட்டங்களில் அது 'பாஸ்போட்' ஆகிவிட்டது.

வீசா என்பது வேறு. கடவுச்சீட்டை வழங்குவது ஒருவருடைய சொந்த நாடு. அவர் தனது பிரசை என்பதற்கு அந்நாடு அளிக்கும் அத்தாட்சி அது. வீசாவை வழங்குவது அந்நிய நாடு. இன்னாரை இத்தனை நாள் தங்க அனுமதிக்கின்றோம் என அது அளிக்கும் இசைவே வீசா. முன்னது உரிமையின் அடையாளம், பின்னது சலுகையின் அடையாளம். பயணச்சீட்டு இவ்விரண்டிலும் சேராது. அது வண்டிக்குச் செலுத்திய கட்டணத்துக்குரிய ரசீது, அவ்வளவே. விமான நிலையத்தில் மூன்றையும் ஒன்றாக நீட்டுவதனால் இவை ஒன்றென்றே பலர் எண்ணிவிடுகின்றனர்.

இந்த விளக்கத்தின்படி பார்த்தால், வாசகியின் பாட்டனார் இந்தியப் பிரசை. அவரது சொந்த நாடு இந்தியா. அவர் பிறந்து, பால் வெட்டி, பிள்ளை பெற்று, இறந்து புதைக்கப்பட்ட மொனராகலை அவருக்கு அந்நிய நாடு. அந்நிய நாட்டில் தங்கியிருக்க அவருக்கு வதிவிட வீசா வேண்டியிருந்தது. காகிதம் சொல்வது இதுதான். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தோட்ட மக்களின் வாழ்வில் சீட்டு என்பது ஒருபோதும் சாதாரண காகிதமாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளரிடம் எண் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதை அந்த வில்லை சொல்லும். ஆளின் பெயரை அது சொல்லாது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின்னர் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கடனைத் தீர்த்தால் இந்தத் தொழிலாளியை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் தாள் அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலமே இம்முறை ஒழிக்கப்பட்டது. நாட்டின் ஏனைய பகுதிகளில் பற்றுச்சீட்டு என்றால் பணம் பெற்றதற்கான ரசீது. தோட்டத்திலோ பற்றுச்சீட்டுக் கிடைத்ததென்றால் வேலை போயிற்று, லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பொருள். இவ்வாறு சீட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே மூட்டை கட்ட வேண்டி வருமோ என்ற அச்சம் எழும் சூழலில்தான் கடவுச்சீட்டும் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பயணம் செய்வதற்குக் கடவுச்சீட்டு அவசியமாயிருக்கவில்லை. இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தன. மண்டபம் முகாமில் தங்க வைத்து நோய்த் தடுப்பு நடவடிக்கைகளை முடித்த பின்னர் தொழிலாளர்கள் அனுப்பி வைக்கப்பட்டனர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும், இரு கரைகளிலும் அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடின. ஊரில் திருமணமா, சாவு வீடா, போய்வந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்ததோடு அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. அதே நாளில்தான் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் தோற்றம் பெற்றது. கடவுச்சீட்டு என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லும் கூடவே தழைத்தது. கடவுச்சீட்டின்றிக் கடல் கடந்தவரைக் குறித்த அச்சொல், தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வாழ்ந்த தோட்டத் தொழிலாளி மீதும் கூசாமல் வீசப்பட்டது. வீசியவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அங்கிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறுவருடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டுப் பிரசைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்றாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்கள் ஒருவரையேனும் தெரிந்தனுப்ப முடியாத நிலை. வாக்குச்சீட்டை இழந்தவர்களிடம் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் நீட்டப்பட்டதே கடவுச்சீட்டு.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் கதி தீர்மானிக்கப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது என முடிவாயிற்று. அந்த எஞ்சியோர் 1974இல் இந்திரா காந்தியுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆளுக்குப் பாதியாகப் பகிரப்பட்டனர். அறுவடையைப் பங்கிடுவது போன்ற இக்கணக்கில், பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. பின்னர் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது ஏறத்தாழ 4 இலட்சம் பேரே இந்தியாவுக்கு விண்ணப்பித்தனர். இலங்கைக்கு விண்ணப்பித்தோர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மக்களின் விருப்பமும் ஒப்பந்தத்தின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இலங்கையில் 4 பேருக்குப் பிரசாவுரிமை என்ற விகிதமும் பேணப்பட்டது. ஒருவர் இங்கு பிரசையாவது இன்னொருவர் கப்பலேறுவதில் தங்கியிருந்தது.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. அதனைக் கையில் பெற்ற கணத்திலிருந்து, அதுவரை நாடற்றவராக இருந்தவர் அந்நிய நாட்டவராக மாறினார். பிறந்த லயத்தில் தங்கியிருப்பதற்கு அவருக்கு வீசா தேவைப்பட்டது. வாசகியின் இரண்டாவது வினாவுக்கான விடை இதுவே.

இதன் விளைவு அரசியலமைப்பு வரை நீண்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிரசைகளுக்குரிய சுதந்திரங்களை 14ஆம் உறுப்புரையில் வரிசைப்படுத்துகின்றது. பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், நடமாட்டம் என்று செல்லும் அப்பட்டியலின் இறுதியில் இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரம் இடம்பெறுகின்றது. நாட்டில் நிரந்தரமாகவும் சட்டபூர்வமாகவும் வாழ்ந்த நாடற்றவர்களுக்கும் இவ்வுரிமைகள் பத்து வருடங்களுக்கு உண்டென அதே உறுப்புரை ஏற்பாடு செய்தது. ஆனால் வேறெந்த நாட்டினதும் பிரசையாக இல்லாதவருக்கே அந்தச் சலுகை. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தவர் அதிலும் அடங்கமாட்டார். ஒரு லயத்தின் மூன்றாம் காம்பராவில் நாடற்றவரும் நான்காம் காம்பராவில் கடவுச்சீட்டு வைத்திருந்தவரும் வாழ்ந்திருந்தால், கையில் ஒன்றுமில்லாத முன்னவருக்கு இருந்த அடிப்படை உரிமை பின்னவருக்கு இல்லை. பத்திரம் கிடைத்ததால் உரிமை குறைந்த விந்தையை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

உலகெங்கும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதனைப் போய்வருவதற்காகவே பெறுகின்றார். 1948ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைப் பிரகடனமும் தன் நாடு உட்பட எந்நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமையையும் தன் நாட்டுக்குத் திரும்பும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில்தான் கூறுகின்றது. தோட்டங்களில் மாத்திரம் "பாஸ்போட் வந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு "எப்போது போகின்றீர்கள்?" என்பதே பொருளாக இருந்தது. எப்போது வருவீர்கள் என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஊவாத் தோட்டங்களிலிருந்து அவர்கள் சென்ற வழியையும் சொல்ல வேண்டும். மலையகப் புகையிரதப் பாதை 1924இல் பதுளையை எட்டி அங்கேயே முடிகின்றது. மொனராகலைக்குப் புகையிரதம் கிடையாது. எனவே மொனராகலையிலிருந்து புறப்பட்டவர்கள் முதலில் பஸ்ஸிலோ லொறியிலோ மலை ஏறிவந்து புகையிரதத்தைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பண்டாரவளை, நானுஓயா, ஹற்றன் என்று இறங்கிப் பொல்காவலைச் சந்தியை அடைந்து, அங்கிருந்து வடக்கே மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி ஊடாகத் தலைமன்னார். வழியனுப்ப வந்தோர் ஸ்டேஷன்களில் கதறியழுத காரணத்தால் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயராயிற்று. கோச்சி என்பது மலையகத்தில் புகையிரதத்துக்கு வழங்கும் பெயர் என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லிவைக்கின்றோம். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதங்களுக்குள், 1964 டிசெம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது. கரையிறங்கியவர்களுக்கு மீண்டும் அதே மண்டபம் முகாம். பாட்டன் வந்தபோது தங்கிய இடத்தில் பேரன் போகும்போது தங்கினான். ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய சொத்தின் எல்லையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தொகை கூடச் சேமிப்பில் இல்லாதவர்களே பெரும்பாலோர்.

அக்கரையில் அவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. நமுனுகுலையிலோ பசறையிலோ பிறந்து, கடலையே முதன்முதலாகத் தலைமன்னாரில் கண்ட ஒருவர் எங்கிருந்து எங்கே திரும்பினார் என்று அப்பெயரைச் சூட்டியவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளில் இவர்களுக்கென்றே தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கேரளத்திலும் கருநாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோரும் உளர். அங்குள்ள அயலவர்களுக்கு இவர்கள் சிலோன்காரர்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்.

1984இல் கப்பற் சேவை நின்றது. அதற்குள் பிள்ளைகளையும் சேர்த்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றுவிட்டனர். கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்படாதவர்கள் பல்லாயிரவர். புறப்படும் நாளைத் தள்ளிப்போட்டவர்கள், முதிய பெற்றோரை விட்டுச் செல்ல மனமில்லாதவர்கள், கொடுப்பனவு கைக்கு வரும்வரை காத்திருந்தவர்கள் எனப் பல வகையினர் அவர்களுள் இருந்தனர். வாசகியின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவராகவே இருத்தல் வேண்டும். வீசா காலாவதியாயிற்று. கடவுச்சீட்டும் காலாவதியாயிற்று. அவர் மட்டும் இறப்பர் மரங்களுக்கிடையே தொடர்ந்து பால் வெட்டிக் கொண்டிருந்தார்.

1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் உயிருக்கு அஞ்சிப் படகேறிய மலையகத்தவர் நிலை இன்னும் மோசமானது. கடவுச்சீட்டோடு கப்பலில் சென்ற அண்ணன் தாயகம் திரும்பியவர். கடவுச்சீட்டின்றிப் படகில் சென்ற தம்பி அகதி. அந்தத் தம்பியின் மக்கள் இன்றும் தமிழக முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவர்களது பிரசாவுரிமைப் பிரச்சினை பெயர்ப் பலகையோடு தீரவில்லை.

இங்கே எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டில்தான் விமோசனம் பிறந்தது. அவ்வருடத்தின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இலங்கையில் வசிக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் நாட்டை விட்டுச் செல்லாதவர்கள் விசேட பிரகடனமொன்றைச் செய்து பிரசையாகலாம் என்றும் அதில் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தான திகதியே முப்பத்தொன்பது வருடங்களின் பின்னர் உரிமையின் தொடக்கத் திகதியாக மாறியது. ஆகவே பாட்டனாரின் பெட்டியில் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கின்றது என்ற காரணத்தால் வாசகியின் பிரசாவுரிமை பாதிக்கப்படாது. அவர் அச்சமின்றி விண்ணப்பிக்கலாம்.

உண்மையான இடையூறு வேறிடத்தில் உள்ளது. தோட்ட மக்களின் பெயர்கள் பத்திரங்களில் படும் பாடு சொல்லி மாளாது. பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, பாடசாலைப் பதிவில் லட்சுமி, தேசிய அடையாள அட்டையில் லெட்சிமி என்று ஒரே பெண் மூவராகிவிடுகின்றார். தந்தையின் பெயரிலும் இதே கதை. தமிழ் அறியாத பதிவாளர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுத, அதனைப் பின்னர் வேறொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியதால் நேர்ந்த வினை இது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இப்பத்திரங்களையே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆதலால் முதலில் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சென்று பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்வதே முறை. பிறப்பே பதியப்படாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரிக்கலாம். தரகரிடம் பணத்தைக் கொடுத்துப் பெயரையோ வயதையோ மாற்றிக்கொள்ளும் குறுக்கு வழியை நாடவே கூடாது. வயதை மாற்றிச் சென்ற பெண்ணுக்கு வெளிநாட்டில் ஏதும் நேர்ந்தால், கடவுச்சீட்டிலுள்ளவர் அவர்தாம் என்று நிரூபிப்பதே வீட்டாருக்குப் பெரும்பாடாகிவிடும். விண்ணப்பத்துக்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்த நிலை 2023இல் ஓரளவு தளர்ந்தது. இணையவழியாக விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்ட 51 பிரதேச செயலகங்களில் விரலடையாளம் பதியும் முறை அவ்வாண்டு அறிமுகமாயிற்று.

இன்னொன்றையும் அவர் அறிந்து செல்லல் நல்லது. கடவுச்சீட்டு அவரது பெயரில் இருப்பினும் அது அதனை வழங்கிய அரசின் சொத்து. வேலை கொடுப்பவர் அதனை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் வழக்கம் வளைகுடா நாடுகளில் நெடுங்காலமாக உள்ளது. அவ்வாறு செய்ய எசமானருக்கு உரிமை கிடையாது. குவைத் நாட்டின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டம் இதனை வெளிப்படையாகவே தடை செய்கின்றது. நடைமுறையில் பறிகொடுப்போர் இன்னும் இருக்கின்றனர். ஆகவே புகைப்படம் உள்ள பக்கத்தினதும் வீசாப் பக்கத்தினதும் பிரதிகளை வீட்டில் ஒன்றும் தம்மிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்வது அவசியம்.

பழைய புத்தகத்தை எரித்துவிடலாமா என்ற கேள்வி எஞ்சியுள்ளது. வேண்டாம் என்பதே எமது பதில். அதனைக் கொண்டு இனிப் பயணம் செய்ய முடியாது. ஆனால் பாட்டனாரின் பெயர், பிறந்த இடம், வீசா முத்திரையின் திகதி ஆகியன அதில் இருக்கும். குடும்பத்தின் 1964ஆம் ஆண்டு வதிவிடம் பற்றி என்றேனும் கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு அதனைவிட வலுவான பத்திரம் தோட்டத்து வீடொன்றில் கிடைப்பது அரிது. கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் உறவினர் என்றேனும் தேடி வந்தால் இரு வீடும் ஒன்றென்று சொல்வதும் அதுவாகவே இருக்கக்கூடும். நீர் படாமல், கரையான் அரிக்காமல், பொலித்தீன் உறையொன்றில் இட்டு அதே தகரப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்கின்றோம்.